என் வயிறும் பயமும் ஏறிய பஸ்

மீனாட்சிபுரத்திலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் சாலையில் என்னென்ன ஊர்கள் இருக்கின்றன என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எங்கெங்கே மறைவு இருக்கிறது என்று கேளுங்கள், அது எனக்குத்தான் தெரியும். கன்னிமாரி தாண்டியதும் வாய்க்கால் மேட்டில் ஒரு தாழம்புதர். வண்டித்தாவளத்துக்கு முன்னால் கைவிட்டுப்போன செங்கல் சூளை. தத்தமங்கலத்துப் பக்கம் பனைகளுக்கு நடுவே ஒரு பள்ளம். சித்தூரில் ஒரு லாட்ஜ் உண்டு, ஆனால் அங்கே மேனேஜர் முகத்தைச் சுளிப்பார். எழுபதுகளில் அந்தச் சாலையில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். எனக்குப் பெருங்குடலில் புண். இந்த இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுத்த கடவுளுக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்தான்.

கல்யாணமான மறு வருடம் அது ஆரம்பித்தது. முதலில் சாதாரண வயிற்றுக்கடுப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு ரத்தம் போயிற்று. எங்கள் பக்கம் வயிறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் உடனே வைத்தியராகிவிடுவார். மாதுளை ஓட்டைக் கஷாயம் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். மோரில் வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன். சீதபேதி என்று ஒரு டாக்டர் ஊசி போட்டார். ஊசி போட்ட இடம் வீங்கியது, வயிறு அப்படியே இருந்தது. இன்னொரு டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு வயித்துல ஒண்ணுமில்லப்பா, எல்லாம் மனசுதான். தைரியமா இரு" என்று அனுப்பிவிட்டார். தைரியம் எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் என்று அவர் சீட்டில் எழுதித் தரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கோபம் வருவதற்குக் காரணம், அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான். வீட்டில் இருக்கும் நாளில் வயிறு கொஞ்சம் அடங்கும். தோல்பையைத் தோளில் மாட்டி, டிக்கெட் கட்டைக் கையில் எடுத்ததும் உள்ளே பிசைய ஆரம்பிக்கும். கூட்டம் ஏற ஏற இன்னும் மோசமாகும். அப்போ எல்லாம் பயம்தானே என்றால், அதுவும் இல்லை. வீட்டில் படுத்துக் கிடந்த நாளிலும் ரத்தம் போனது. பயந்தால் வயிறு ஓடும், வயிறு ஓடுமோ என்று பயம் வரும், எது முன்னால் போகிறது எது பின்னால் வருகிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

இதை யாரிடம் சொல்வது? மாரடைப்பு என்றால் ஊரே வந்து பார்க்கும். பேதி என்றால் சிரிப்பார்கள். அதுவும் நான் நல்ல வாயாடி, பஸ்ஸில் எல்லோரையும் கேலி பேசுகிறவன். அப்படிப்பட்டவன் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். சொந்தபந்தம், ஒறம்பரை வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். மாரியம்மன் நோன்பில் கம்பம் சுற்றி ஆடுகிற முதல் ஆள் நான்தான், அந்த வருடம் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. துணி துவைக்கிறவளுக்குத் தெரியாமல் எதை மறைப்பது? அவள் என் காக்கி டிரவுசரை யாரும் எழும் முன்னே தோட்டத்துக் கிணற்றில் அலசிக் காயப்போட்டுவிடுவாள். என் அம்மாவின் காதுக்கு ஒரு வார்த்தை போகவில்லை. "ஏனுங்க, கோயமுத்தூர்ல பெரிய ஆசுபத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வரலாமுங்க" என்று மட்டும் அடிக்கடி சொல்வாள். நான் எரிந்து விழுவேன். கோயமுத்தூருக்கு எதில் போவது? பஸ்ஸில்தானே?

பிறகு நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் எப்படி ஓடும்? வேலை நாளில் சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவள் கட்டிக்கொடுக்கும் தயிர்சோற்றைப் பாலக்காடு ஸ்டாண்டில் திரியும் மாட்டுக்குப் போட்டுவிடுவேன். மாடு கொழுத்தது, நான் இளைத்தேன். காலியான வயிறும் ஓடத்தான் செய்தது, ரத்தமும் சளியுமாக. கண்ணாடியில் என் கன்ன எலும்பைப் பார்த்தபோது பயம் வரவில்லை. இப்படியே தேய்ந்து ஒருநாள் இல்லாமல் போய்விட்டால் நல்லதுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் பயங்கரம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

எங்கள் டிரைவர் என்னைவிட வயதில் மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து ஊர்க்காரர், முரட்டு மீசை, பேச்சு கம்மி. மாங்காய்க் காலத்தில் ஒருநாள் வண்டியின் தலையில் முதலமடை மாங்காய்க் கூடைகள், உள்ளே மூச்சுவிட இடமில்லாத கூட்டம். செங்கல் சூளைக்குப் பக்கத்தில் எனக்குத் தாங்கவில்லை. மணியை அடித்துவிட்டு, வண்டி முழுதாக நிற்பதற்குள் குதித்து ஓடினேன். திரும்பி வரும்போது எல்லா முகமும் என்னைத்தான் பார்க்கும், இதோடு இந்த வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரு முகமும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் எட்டி எட்டி முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டியின் முகப்பைத் திறந்துவைத்து, ரேடியேட்டருக்கு நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்தக் கால வண்டிகள் வழியில் நின்று தண்ணீர் குடிப்பது சகஜம். ஆனால் எங்கள் வண்டி அன்று காலையில்தான் வயிறு முட்டக் குடித்திருந்தது.

அன்று பொழுது சாய்ந்து வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் என்னைக் கூப்பிட்டார்.

"எத்தன நாளா இப்புடி?"

"அது ஒண்ணுமில்லீங்ணா, நேத்துச் சாப்பிட்டது ஒத்துக்கல..."

"நீ சாப்பிடறதே இல்ல. மாடு சாப்பிடறத நானும்தான் பாக்கறேன். வெளக்கமெல்லாம் எனக்கு வேண்டாம். ஒரு மணி அடிச்சா ஆளு எறங்கோணும். ரெண்டு மணின்னா போலாம். நீ ஒண்ணு அடிச்சு, கொஞ்சம் விட்டு இன்னொண்ணு அடி. அது உன்னுது. நா நிறுத்தறேன். மத்தத ரேடியேட்டர் பாத்துக்கும்."

அப்படித்தான் எங்களுக்குள் ஒரு மணி உண்டானது. அந்த மணியை அடித்தால் பக்கத்தில் எந்த மறைவு இருக்கிறதோ அங்கே வண்டி நிற்கும், முகப்பு திறக்கும், தண்ணீர் ஊற்றப்படும். "இந்த வண்டி என்ன ஒட்டகமா?" என்று பயணிகள் முனகுவார்கள். நான் டிக்கெட் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரப் போகிறவனைப் போல வாய்க்கால் பக்கம் போவேன். ஆச்சரியம் என்னவென்றால், கேட்டால் வண்டி நிற்கும் என்று தெரிந்தபிறகு பாதி நாள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மணிக் கயிற்றில் கையை வைப்பேன், உள்ளே பிசைவது மெல்ல அடங்கும். புண் ஆறிவிடவில்லை, ரத்தம் நிற்கவில்லை. ஆனாலும் கழுத்தைப் பிடித்திருந்த ஒரு கை விலகியதுபோல இருந்தது.

கோயமுத்தூருக்கும் எங்கள் டிரைவர்தான் கூட்டிப்போனார், எங்கள் விடுமுறை நாளில். பொள்ளாச்சி வழியாகப் போன வண்டியில் அதன் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "கியரை இப்புடியா போடுவாங்க" என்று வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்காக அந்த வண்டியை நடுவழியில் நிறுத்தவும் சொன்னார். அந்த டிரைவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது, மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். அதைப் பற்றி எழுத மாட்டேன், அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தெரியாமலே நன்றாக இருக்கட்டும். பார்த்துவிட்டு, "இது அமீபா இல்ல. பெருங்குடல்ல நெறைய புண்ணு. மாத்திரையில அடங்கும். திரும்ப வரும், அப்பவும் அடங்கும். இதோட பழகி வாழணும்" என்றார். எல்லாம் மனசுதான் என்று ஒரு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புண்ணு நெசம். மனசு அதை உண்டாக்கல. ஆனா புண்ணு மனசைக் கெடுக்கும், கெட்டுப்போன மனசு குடலை விரட்டும். நான் ரெண்டையும்தான் பார்க்கணும். தூக்கம் வருதா?"

"இல்லீங்க."

"சிரிச்சு எத்தனை நாளாச்சு?"

மாதங்களை விரலில் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

"செத்துப்போனா தேவலைன்னு தோணுதா?"

வயிற்றுக்கு வைத்தியம் பார்க்க வந்தவனிடம் இதை ஏன் கேட்கிறார் என்று யோசிப்பதற்குள் நான் அழுதுவிட்டேன். மீசை வைத்த ஆம்பிளை, தேம்பித் தேம்பி அழுதேன். அதுவரை எத்தனையோ பேர் மலம் என்ன நிறம் என்று கேட்டிருந்தார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. வெளியே எத்தனையோ நோயாளிகள் காத்திருந்தார்கள், இருந்தாலும் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். அந்த அம்மா எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இந்த நோய் யாருக்கெல்லாம் தெரியும் என்று பிறகு கேட்டார். மனைவிக்கும் டிரைவருக்கும் என்றேன். டிரைவரை உள்ளே அழைத்து, மணி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க செய்யறதும் மருந்துதான். நிறுத்திடாதீங்க" என்று சொன்னார். எங்கள் டிரைவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து, நான் மணி அடிக்க யோசித்தால்கூட, "டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கட்டும்" என்று கண்ணாடியில் முறைப்பார்.

மாத்திரை சாப்பிட்டதில் மூத்திரம் செம்மஞ்சளாகப் போயிற்று, பனியன்கூட மஞ்சள் பூத்தது. மனைவி துவைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, செவப்புக்கு மஞ்சள் தேவலைங்க" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். தயிர்சோற்றை நானே சாப்பிட ஆரம்பித்தேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்கள் முதலாளி ஒரு நல்ல காரியம் செய்துவிட்டார். அவர் சித்தூர்க்காரர், மலையாளி, வண்டியைப் பெற்ற பிள்ளையைப்போலப் பார்ப்பவர். வண்டி வழியெல்லாம் நின்று தண்ணீர் குடிக்கிறது என்று பயணிகள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் பதறிப்போய், பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து, புத்தம்புது ரேடியேட்டரை மாட்டிவிட்டார். "இனி ஒரு துள்ளி வெள்ளம் சோதிக்கில்லா" என்று பானெட்டைத் தட்டிக் காட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காதாம். சந்தோஷத்தில் ஸ்டாண்டில் இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டார். இனி எதைச் சொல்லி வண்டியை நிறுத்துவது?

மறுநாள் வண்டியின் காலை நடை. ஆபீசுக்குப் போகிறவர்கள், பால்கேன்காரர்கள், கூட்டம். ரேடியேட்டர் புதுசு என்ற நினைப்பே போதுமாக இருந்தது, கன்னிமாரி தாண்டுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனேன். முடியவில்லை. ஒன்று அடித்து, கொஞ்சம் விட்டு இன்னொன்று அடித்தேன். வண்டி நின்றது. சர்க்கார் கச்சேரியில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா உடனே எழுந்துவிட்டார்.

"ரேடியேட்டர் புதியதல்லே? பின்னே எந்தினா நிர்த்தியது?"

ஏன் நிறுத்தினீர்கள் என்று இன்னும் நாலு குரல் சேர்ந்துகொண்டது. இரண்டு காதும் அடைத்துப்போய் நான் படியில் நின்றேன். டிரைவர் எஞ்சினை அணைத்தார். இருக்கையில் இருந்தபடியே திரும்பினார்.

"எனக்குச் சர்க்கரைங்க. அடிக்கடி ஒதுங்கோணும். அடக்கிக்கிட்டு ஓட்டுனா உங்கள எல்லாம் வாய்க்கால்லதான் எறக்குவேன். பரவால்லீங்களா?"

எழுந்து நின்ற குமாஸ்தா உட்கார்ந்துவிட்டார். டிரைவர் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏப்பா கண்டக்டர், தொணைக்கு வா. தனியா போறதுக்குக் கூச்சமா இருக்குது" என்றார். உள்ளே ஒரே சிரிப்பு. சிரிப்பு முழுக்க அவர்மேல் போனது, அதன் மறைவில் நான் இறங்கிப் போனேன். அவர் ஒரு பனைமரத்தைப் பார்த்தபடி, சாலையில் போகிற வருகிற எல்லோரும் பார்க்கும்படி, சும்மா நின்றுகொண்டிருந்தார்.

அன்றோடு எங்கள் தடம் முழுக்க அவர் சர்க்கரை டிரைவர் ஆனார். நல்ல மனசுள்ள சனங்கள், ஆளாளுக்கு வைத்தியம் கொண்டுவந்தார்கள். பால்கார அம்மணி ஒருத்தர் பாகற்காய் கொண்டுவந்தார். யாரோ நாவல்கொட்டைப் பொடி கொடுத்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் தாண்டிப் போயிற்று. மீனாட்சிபுரம் டீக்கடையில் அவர் கேட்பதற்கு முன்னாலேயே சர்க்கரை இல்லாத டீ வந்தது. மனிதருக்கு இனிப்பு என்றால் உயிர், டீயில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்க வேண்டும் அவருக்கு. விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு அந்த டீயைக் குடிப்பார். ஒருநாளாவது இதை எனக்குச் சொல்லிக்காட்டியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கிடையாது. என் எதிரில் அவர் கிளாஸ் வரும், நான் என் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

நான் தேறிக்கொண்டு வந்தேன். ரத்தம் நின்றது. தூக்கம் வந்தது. பஸ்ஸில் மறுபடி வாயடித்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அப்போதுதான் முதலாளி ஒருநாள் அந்த டீக்கடைக்கு வந்தார். வண்டி புறப்பட நேரம் இருந்தது, பயணிகள் கடையிலும் வெளியிலுமாக நின்றிருந்தார்கள். முதலாளி டிரைவரின் தோளில் கைபோட்டு, ரொம்பத் தயங்கி, தமிழும் மலையாளமுமாகப் பேசினார். சர்க்கரை வந்தால் கண் மங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். நிறைய உயிர் ஏறுகிற வண்டியாம். வருத்தமாகத்தான் இருக்கிறதாம், ஆனாலும் வேறு டிரைவர் பார்த்துவிட்டாராம், ஷெட்டில் ஏதாவது சின்ன வேலை தருகிறாராம்.

டிரைவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாத மனிதர். "சரீங்க" என்றார்.

அந்தச் 'சரீங்க'வை என்னால் தாங்க முடியவில்லை.

"அவருக்குச் சர்க்கரை இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எனக்குத்தானுங்க நோவு. பெருங்குடல்ல புண்ணு. ரத்தமாப் போகும், அடக்க முடியாது. அதனால பயம், பயத்தால இன்னும் போகும். சாகலாம்னுகூட இருந்தேனுங்க. எனக்காகத்தான் அவரு வண்டிய நிறுத்துனாரு. எம்பட மானத்துக்காகத்தான் சர்க்கரைன்னு பொய் சொன்னாரு. அவரை எறக்காதீங்க, எறக்கறதா இருந்தா என்னை எறக்குங்க."

முதலாளி என்னைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். "அப்போ பழைய ரேடியேட்டருக்கு ஒரு கேடும் இல்லையா?" என்று கேட்டார், பாவம். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்தார். "ஆரையும் எறக்கண்டா", யாரையும் இறக்க வேண்டாம் என்று கையை உதறிவிட்டு எழுந்தார்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை முறைத்தார்.

"உன்ன ஆரு இதச் சொல்லச் சொன்னது?"

"சொல்லாம எப்புடீங்ணா..."

"சொல்றவன் ஒரு வருசத்துக்கு முன்னாலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நாக்கே செத்துப்போச்சு" என்றார். டீக்கடைக்காரர் அதற்குள் சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு கிளாசை ஆற்றிக்கொண்டிருந்தார். டிரைவர் அதை வாங்கித் திரும்பி நின்று குடித்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் அந்த நோய் என்னை விடவில்லை, வந்து வந்து போனது. டாக்டரம்மா சொன்னபடி அடங்கவும் செய்தது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பலபேர் இப்போது இல்லை, அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

டீக்கடையில் உண்மையைச் சொன்ன அன்று வண்டி புறப்பட்டுக் கன்னிமாரி தாண்டியதும் வயிறு பிசைந்தது. அவ்வளவு பேசியபிறகு பிசையாமல் இருக்குமா? கை தானாகக் கயிற்றுக்குப் போனது. பிறகு கையை எடுத்துவிட்டேன். "அண்ணா, நிறுத்துங்க, நா எறங்கோணும்" என்று கூட்டத்துக்கு நடுவிலிருந்து சத்தமாகச் சொன்னேன். வண்டி நின்றது. படியில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மணி, "வழி உடுங்க, கண்டக்டரு போகட்டும்" என்று கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். குமாஸ்தா தன் காலை மடக்கிக்கொண்டார். வண்டி நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, நான் நடந்தே போனேன், ஓடவில்லை.